மூலையில ஒரு துண்டு வைக்க ஆளில்ல

ஒரு செங்கல்லை நீளவாக்குல ரெண்டாப் பிளக்கத் தெரிஞ்ச கொத்தனார் உங்க ஊர்ல யாராவது இருக்காரா? குறுக்கால உடைக்கிறவரைக் கேட்கலங்க. அதுக்கு ஆளே வேணாம், லாரியிலேருந்து இறக்கும்போதே பாதிக் கல்லு அந்த வேலையைத் தானா செஞ்சுக்குது. நான் கேட்கிறது நீளவாக்குல. 9 இஞ்சு நீளம் அப்படியே இருக்கணும்; 4½ இஞ்சு அகலம் மட்டும் 2¼ ஆகணும். அப்படி ஒருத்தர் இருந்தா தயவு செஞ்சு அவரை வெய்யில்ல நிக்க விடாதீங்க. நிழல்ல உட்கார வெச்சு ஒரு காபி குடுங்க.

'ஒரு செங்கல் துண்டுக்கா இந்தப் புலம்பல்?'னு நினைக்கிறீங்க. தெரியுது. பெட்ரோல் விலை இருக்கு, ஸ்கூல் ஃபீஸ் இருக்கு, தண்ணி லாரி இருக்கு. புலம்ப விஷயமா இல்ல? ஆனா மொட்டைமாடியில ஒரு ரூம் கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க சாப்பிட்ட இலையை எடுக்கிறதுக்குள்ள மூலையில விரிசலைப் பார்த்தவன் புலம்பாம என்ன செய்வான், சொல்லுங்க.

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். ரொம்பச் சின்னக் கணக்கு. அஞ்சாங் கிளாஸ் பையன் போடுவான்.

ஒன்பது இஞ்சு சுவர்ல ஒரு வரி கல்லை நெடுக்கா வைப்பாங்க. வெளியிலேருந்து பார்த்தா கல்லோட 9 இஞ்சு தெரியும். அடுத்த வரியைக் குறுக்கா வைப்பாங்க, 4½ தெரியும். மாத்தி மாத்தி வைக்கிறது எதுக்கு? ஒரு ஜாயிண்டுக்கு மேல இன்னொரு ஜாயிண்ட் வரக்கூடாது, மேல இருக்கிற கல்லு கீழ இருக்கிற ரெண்டு கல்லையும் பிடிச்சுக்கணும். அவ்வளவுதான். இப்ப மூலையிலேருந்து எண்ணுங்க. நெடுக்கு வரியில ஜாயிண்ட் வர்ற இடம் 9, 18, 27. குறுக்கு வரியில 4½, 9, 13½, 18. ஆச்சா? 9ல இடிக்குது. 18ல இடிக்குது. சுவர் பூரா ஒண்ணு விட்டு ஒண்ணு இடிச்சுகிட்டே போகும். கீழேருந்து மேல வரைக்கும் ஒரே நேர்க்கோடு. அந்தக் கோட்டுல கல்லே கிடையாது, வெறும் கலவைதான்.

இதுக்குத்தான் அந்தப் பிளந்த துண்டு. குறுக்கு வரியில மூலைக் கல்லை வெச்சதும், அதை ஒட்டி 2¼ இஞ்சுத் துண்டு ஒண்ணு. அப்புறம் வழக்கம்போல முழுக்கல்லு. இப்ப ஜாயிண்ட் 4½, 6¾, 11¼, 15¾ன்னு விழும். ஒண்ணு கூட 9லயோ 18லயோ விழாது. எல்லாம் கால் கல்லு தள்ளி நிக்கும். மூலையில ஒரே ஒரு துண்டு வெச்சா சுவரோட மறுகோடி வரைக்கும் எல்லாக் கல்லும் ஒழுங்கா நகர்ந்து உட்காருது. இதைக் கண்டுபிடிச்ச மகராசன் யாரோ, பேர் கூடத் தெரியாது.

படிச்சவங்க இதை 'குயின் குளோசர்'ம்பாங்க. ராணி இருந்தா ராஜா வேணாமா? 'கிங் குளோசர்' உண்டு. கல்லோட ஒரு முனையை மட்டும் சாய்வா வெட்டி எடுத்தது. ஒரு தலை பாதி அகலம், மறு தலை முழு அகலம். கதவு, ஜன்னல் நிலை உட்கார்ற ஓரத்துக்கு அது. நீளம் பூரா சாய்ச்சு வெட்டினா 'பெவல்டு', தலையை 45 டிகிரியில வெட்டினா 'மைட்டர்டு'. இது போக அரைக்கல், முக்கால் கல். பாலிடெக்னிக்ல சிவில் படிச்ச எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் படம் போட்டு, பாகம் குறிச்சு, மார்க் வாங்கின கதையைச் சொல்லும்.

எங்க சைட்டுக்கு வந்த இன்ஜினியர் தம்பியும் மார்க் வாங்கினவர்தான். "தம்பி, மூலையில குயின் குளோசர் வைக்கலயே?"ன்னு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். செங்கல்லைப் பத்திப் பேசுற வீட்டுக்காரன் அவருக்கு ஒரு தொல்லை. சிரிச்சுகிட்டே சொன்னார்: "சார், அது தியரி."

தியரியாம்! அப்ப என் சுவர் எதுல நிக்குது தம்பி, நம்பிக்கையிலயா?

"இப்பல்லாம் பில்லர்தான் சார் தாங்குது. சுவர் சும்மா மறைப்பு." இது அவரோட அடுத்த பதில். பில்லர் போட்டுக் கட்டுற கட்டடத்துல அது நியாயம்தான், நான் மறுக்கல. பாரத்தை கான்கிரீட் தூணும் பீமும் வாங்கிக்கும், நடுவுல செங்கல்லு வெறும் அடைப்பு. ஆனா எங்க வீடு அப்பா கட்டினது. சுவர்தான் எல்லாத்தையும் தாங்குது. மாடி ரூமுக்கும் பில்லர் கிடையாது. அவரே வரைஞ்ச பிளான்லயே கிடையாது. "எங்க வீட்ல பில்லர் எங்க தம்பி இருக்கு?"ன்னேன். போன் வந்த மாதிரி காதுல வெச்சுகிட்டு நகர்ந்துட்டார். போன் அடிக்கவே இல்லங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

சரி, வெட்டத்தான் ஆளில்ல, சூளையிலேயே அந்த அளவுல சுட்டுத் தர மாட்டாங்களான்னு யோசிச்சேன். தப்பான யோசனையா? சிறப்பு வடிவச் செங்கல்லுக்குன்னே ஐ.எஸ். 6165ன்னு தனியா ஒரு தர நிர்ணயம் நம்ம நாட்டுல இருக்கு. காகிதத்துல நம்மளை யாராலயும் அசைக்க முடியாது. சூளைக்கு போன் போட்டேன்.

"அரைக்கல்லு, பிளந்த கல்லு கிடைக்குமாங்க?"

"அரைக்கல்லா? அது லோடுலயே தானா வரும் சார்."

கிண்டல் பண்ணலங்க. நிஜமாவே சமாதானம் சொன்னார்.

மொகஞ்சதாரோவுல வட்டக் கிணறு கட்டினவங்க, நேர்க்கல்லு வளைவுக்கு ஒத்து வராதுன்னு, ஒரு தலை குறுகி ஆப்பு வடிவத்துல கல்லை அச்சுலயே வார்த்துச் சுட்டாங்க. சுமார் 4,500 வருஷம் ஆச்சு. அந்தக் கிணறு இன்னிக்கும் நிக்குது. "தனி அச்சுன்னா ஒரு லோடாவது எடுக்கணும் சார், முழு அட்வான்ஸ்"னு அங்க எந்தச் சூளைக்காரரும் சொல்லல போலிருக்கு.

வடிவத்தை விடுங்க. சாதாரணக் கல்லாவது சொன்ன அளவுல வருதா? ஐ.எஸ். 1077ல ஒரு அளவு 230 × 110 × 70 மில்லிமீட்டர். அந்த எண்ணைக் கொஞ்சம் உத்துப் பாருங்களேன். ரெண்டு அகலம் 220, நடுவுல கலவைக்கு 10, ஆக மொத்தம் 230. ரெண்டு குறுக்குக் கல்லும் ஒரு ஜாயிண்டும் சேர்ந்தா சரியா ஒரு நெடுக்குக் கல்லு! இன்னொரு அளவு 190 × 90 × 90. அதுலயும் 90, 90, 10. யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க. கல்லு கல்லோட பேசணும்னா நீளத்துக்கும் அகலத்துக்கும் இந்தக் கணக்கு உதைக்கக் கூடாது. உதைச்சா எந்தத் துண்டை வெட்டி வெச்சாலும் ஜாயிண்ட் எங்கேயோ போய் நிக்கும்.

கல்லைச் சரிபார்க்க அதே தர நிர்ணயத்துல ஒரு வழியும் சொல்லியிருக்கு. 20 கல்லை நீளவாக்குல ஒட்டி வரிசையா வெச்சு அளந்தா 4,520லேருந்து 4,680 மில்லிமீட்டருக்குள்ள வரணும். லோடு இறங்கின சாயங்காலம் வாசல்ல, தெருவோரமா, குனிஞ்சு குனிஞ்சு அடுக்கினேன். எதிர்வீட்டு அம்மா, "என்ன தம்பி, கோலத்துக்கு பார்டரா?"ன்னாங்க. டேப்பைப் பிடிச்சு அளந்தேன். பாஸ்! எனக்கே ஆச்சரியம். அப்புறம் ஒவ்வொரு கல்லா எடுத்து அளந்தா விஷயம் புரியுது. ஒண்ணு எட்டரை இஞ்சு, அடுத்தது ஒன்பதேகாலை எட்டுது, ஒண்ணு வாழைப்பூ மடல் கணக்கா வளைஞ்சிருக்கு. நீளமானதும் குட்டையானதும் கை கோத்துகிட்டு மொத்தத்துல பாஸ் பண்ணிடுச்சு. நாட்டுல பல விஷயம் இப்படிச் சராசரியிலதான் பாஸ் ஆகுது, விடுங்க.

அந்த சைட்டுல ஒரு பெரியவர் இருந்தார். எழுபதை நெருங்கியிருப்பார். மத்தவங்க எல்லாம் செருப்புக் கால், இவர் வெறுங்கால். மூலையில நான் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறதைக் கவனிச்சுட்டு, டீ டயத்துல கிட்ட வந்தார். "துண்டு வைக்கலன்னு பாக்கறீங்களா ஐயா?"ன்னார். எனக்குக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

"உங்களுக்குத் தெரியுமா பெரியவரே?"

பதில் சொல்லல. அடுக்குலேருந்து ரெண்டு கல்லை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டினார். மொத்துன்னு சத்தம், தூரப் போட்டார். இன்னும் ரெண்டு. அதையும் போட்டார். கணீர்னு ஒண்ணு கேட்டதும் அதை வெச்சுகிட்டார். மணல் குவியல்ல ஒரு குழி பறிச்சு அதுல கல்லைப் படுக்க வெச்சார். கரணையோட விளிம்பால நடுவுல நீளத்துக்கும் ஒரு கோடு கீறினார், ஆழமா இல்ல. திருப்பினார். பின்பக்கமும் கீறினார். ரெண்டு தலையிலயும் கீறினார். அப்புறம் அந்தக் கோட்டு மேலயே டொக் டொக்குன்னு சின்னச் சின்னத் தட்டு. ஓங்கி ஒரு அடி கூட இல்ல. திருப்பி இன்னொரு சுத்து. கடைசித் தட்டுக்குக் கல்லு சத்தமில்லாம ரெண்டா விலகுச்சு. கல்லு நடுவுல ஒரு குழி இருக்குமே, அதுக்குள்ள சூளைக்காரர் தன்னோட மூணு இங்கிலீஷ் எழுத்தைப் பதிச்சிருந்தார். எழுத்தோட மேல்பாதி ஒரு துண்டுல, கீழ்பாதி இன்னொண்ணுல.

"அந்தக் குழி இருக்கறதாலதான் ஐயா கஷ்டம். அங்க வந்து கோடு ஓடிடும். முழு நீளத்துக்கு வரலைன்னா அரைக்கல்லைப் பிளந்து ரெண்டா வெச்சுக்கலாம், தப்பில்ல. ஒண்ணுமே வைக்காம இருக்கறதுதான் தப்பு."

வேற என்ன வேணும் எனக்கு? அன்னிக்கு மத்தியானம் அவரே ஒரு மூலையை எடுத்துக் கட்டினார். முதல்ல மூலையை அஞ்சாறு வரி படிப்படியா ஏத்திகிட்டு, அப்புறம் மூலைக்கு மூலை நூல் கட்டி நடுவுல நிரப்பினார். அப்பப்ப தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். மூணு வரிக்கு ஒரு தடவை தள்ளி நின்னு ஒத்தைக் கண்ணால பார்த்தார்.

மறுநாள் காலையில பார்த்தா பெரியவர் கீழ, கலவை போடுற இடத்துல நிக்கிறார். மூலையில வேற ஆள். காண்ட்ராக்டரைக் கேட்டேன். "ஸ்லோ சார் அவரு. நல்ல மனுஷன், ஆனா ஸ்லோ. சாயங்காலம் எத்தனை கல்லு வெச்சாங்கன்னு எண்ணித்தான சார் எனக்குக் கணக்கு?"

பாருங்க, இதுலதான் எனக்கு வயிறு எரியுது. கொத்தனாரை நான் திட்டல. அந்தப் பையனும் விடியக்கால ரயிலைப் பிடிச்சு வேலைக்கு வர்றவன்தான். ஒரு துண்டு வெட்டுற நேரத்துல நாலஞ்சு முழுக்கல்லு வைக்கலாம். வெட்டும்போது ஒண்ணு ரெண்டு கல்லு போகவும் போகும். துண்டு வெச்சதுக்கு அவனுக்கு ஒரு ரூபா கூட வராது. கல்லு குறைஞ்சா மேஸ்திரியோட வசவுதான் வரும். சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசுற லேபர் காண்ட்ராக்ட்ல மூலை எங்கங்க இருக்கு? நீள அகலத்தைப் பெருக்கினா பரப்பு வரும், மூலை வராது. அப்ப அவன் எதுக்கு வெட்டணும்? இடைவெளியா? இருக்கவே இருக்கு கலவை. அப்பிட்டுப் போய்கிட்டே இருக்கலாம்.

மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்புல இதையெல்லாம் எழுதியே வெச்சிருக்காங்க. உடைஞ்ச கல்லு, அரைக்கல்லு சுவர்ல வரக்கூடாது. கட்டுப் பொருந்தறதுக்கு மூலைத் துண்டா வேணும்னா மட்டும் வரலாம். அதையும் வேண்டிய அளவுக்கு வெட்டி, சுவரோட முடிவுப் பக்கம் வைக்கணும். நம்ம சைட்டுல அப்படியே தலைகீழ். நடுச்சுவர்ல எங்க பார்த்தாலும் உடைஞ்ச துண்டு. துண்டு வேண்டிய மூலையில மட்டும் துண்டைக் காணோம்.

இதை காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். தமிழ்நாட்டுல வீடு கட்டின அத்தனை பேரும் கேட்ட பதில்தான் எனக்கும் கிடைச்சது. நீங்களும் கேட்டிருப்பீங்க. "பூச்சுல மறைஞ்சிடும் சார்."

சுவர் கோணலா? பூச்சுல மறைஞ்சிடும். ஜன்னலுக்குப் பக்கத்துல நாலு விரக்கடை சந்தா? பூச்சுல. கரண்ட் பைப்புக்காகச் சுவரைக் கொத்திக் கொதறி வெச்சிருக்கா? பூச்சுல. பூச்சுன்னா என்ன நினைச்சுகிட்டிருக்காங்க, பாவமன்னிப்புன்னா? அரை இஞ்சு சிமெண்டுக்கு எவ்வளவு பாரம்தான் ஏத்துவீங்க?

ஆனா ஒண்ணு. வெட்டவே தெரியாதவங்க இல்ல நம்ம ஆளுங்க. அதான் இன்னும் கடுப்பு. கல்லு வேலை முடிஞ்சு டைல்ஸ்காரங்க வந்தாங்க. பாத்ரூம்ல ரெண்டு டைல்ஸ் சந்திக்கிற ஓரத்தை 45 டிகிரியில, மெஷின் வெச்சு, தண்ணி ஊத்தி, தலைமுடி நுழையாத அளவுக்கு வெட்டி ஒட்டினாங்க. படிக்கட்டு கிரானைட்டோட விளிம்பை உருட்டி, பாலிஷ் போட்டு, தடவிப் பார்த்துத் திருப்தியானாங்க. அத்தனைக்கும் ரன்னிங் அடி ரேட் தனி. நானும் வாயை மூடிகிட்டுக் குடுத்தேன், ஏன்னா கண்ணுக்குத் தெரியுது பாருங்க. அதே கட்டிங் மெஷின் அதே சைட்டுல அத்தனை நாளும் கிடந்துச்சு. செங்கல்லை வெட்ட ஒரு நாளாவது எடுத்தாங்களா? "பிளேடு தேஞ்சிடும் சார்."

பூசாம விடுற சுவர்ல இந்த வித்தையெல்லாம் நடக்காது. சென்னை உயர் நீதிமன்றத்தைப் போய்ப் பாருங்க. 1892ல திறந்த கட்டடம், கட்டினவர் நம்பெருமாள் செட்டியார். வளைவுக்கு ஒரு கல்லு, தூணோரத்துக்கு ஒரு கல்லுன்னு உருவம் பார்த்துப் பார்த்து வார்த்திருக்காங்க. வக்கீல் வர்ற நேரம் வரைக்கும் நான் அந்த ஓரங்களைத்தான் பார்த்துகிட்டு நிப்பேன். (கேஸ் என்னன்னு கேட்காதீங்க, அது தனிப் புலம்பல்.) அந்தக் காலம் பொற்காலம்னு பாட வரல. அந்தக் கல்லைச் சுமந்தவங்களுக்கு என்ன கூலி குடுத்தாங்களோ. ஆனா சுவரோட முகம் செங்கல்லாவே நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, கட்டுறவன் கை தானா ஒழுங்குக்கு வந்துடுது. கேரளாவுல லாரி பேக்கர் பூச்சு வேண்டாம் வேண்டாம்னு வாழ்நாள் பூரா சொன்னார். எல்லாரும் சிக்கனத்துக்குன்னு நினைக்கிறாங்க. எனக்கென்னமோ கொத்தனார் வேலை கொத்தனாருக்கே தெரியணும்னு சொன்ன மாதிரிதான் படுது.

அவ்வளவு தூரம் கூடப் போக வேணாம். ஆரோவில்ல 1989லேருந்து மண் கட்டடத்துக்குன்னு ஒரு நிறுவனம் நடத்துறாங்க, ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட். மண்ணுல கொஞ்சம் சிமெண்டைக் கலந்து மெஷின்ல அழுத்திக் கல்லு எடுப்பாங்க, சூளையே கிடையாது. அந்த மெஷின்ல முழுக்கல்லுக்கு ஒரு அச்சு, முக்காலுக்கு ஒண்ணு, அரைக்கு ஒண்ணு. மூலைக்கு வேண்டியதை அச்சுலயே எடுத்துக்கலாம். உடைக்கவும் வேணாம், தலையைச் சொறியவும் வேணாம். விழுப்புரம் பக்கத்துல நடக்கிற விஷயம் தாம்பரம் தாண்டி வர மாட்டேங்குது. ஏன்? காண்ட்ராக்டரைக் கேட்டா, "அதெல்லாம் ஃபாரின்காரங்க டேஸ்ட் சார்"ங்கறார். அளவா ஒரு கல்லு கேட்கிறது ஃபாரின் டேஸ்டாம்!

விரிசல் விஷயத்துக்கு வரேன். வீட்ல விரிசல் விழ நூறு காரணம் உண்டு. மண்ணு இறங்கலாம், தண்ணி சரியாக் காட்டாம விட்டிருக்கலாம், வெய்யில்ல தளம் விரியலாம். அதனால முதல்ல வாயைத் திறக்கல. ஏ.சி. மாட்ட வந்த பையன்தான் உண்மையைத் திறந்து காட்டினான். வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட் அடிக்க மூலையை ஒட்டி டிரில்லை வெச்சதும், பூச்சு பெரிய அப்பளமா உரிஞ்சு விழுந்துச்சு. உள்ள பார்க்கிறேன். ஜாயிண்டுக்கு மேல ஜாயிண்ட், அதுக்கு மேல ஜாயிண்ட். கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரே கோடு. அந்த ரூம்லேயே நேரா இருந்த கோடு அது ஒண்ணுதான். துண்டு வர வேண்டிய இடத்துல கலவைக் கட்டி, அதுக்குள்ள ஒரு டைல்ஸ் சில்லு, கொஞ்சம் சிமெண்ட் பைக் கிழிசல். விரிசல் அந்தக் கோட்டை விட்டு இம்மி விலகாம மேல போயிருக்கு. பெரியவர் கட்டின மூலைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்க பூச்சுல நகக்கீறல் கூட இல்ல.

இன்ஜினியர் தம்பிக்கு போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. ராத்திரி பதில் வந்துச்சு: "ஹேர்லைன் கிராக் சார். நார்மல். பெயிண்டர்கிட்ட கிராக் ஃபில்லர் வெக்கச் சொல்லுங்க." கூடவே ஒரு கும்பிடு போடுற பொம்மை. பெயிண்டர் வந்தார். புட்டி வெச்சார். என்ன சொல்லியிருப்பார்னு நினைக்கிறீங்க? "பெயிண்ட்ல மறைஞ்சிடும் சார்."

முன்னேற்றம்தான். பூச்சுலேருந்து பெயிண்டுக்கு வந்துட்டோம்.

மழை வந்தா அந்த மூலை முதல்ல ஊறுது. அலமாரியை நகர்த்தி வெச்சுட்டா தெரியாதுன்னு வீட்ல ஐடியா குடுத்திருக்காங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, இவ்வளவு நாள் சைட்டுல அவங்களும் கூடவே நின்னவங்கதான். பெரியவரைத் தேடிப் பார்த்தேன். இப்ப வேற சைட்டுல வாட்ச்மேனா இருக்காராம். நாற்காலி போட்டுக் குடுத்திருக்காங்களாம், அந்த மட்டும் சந்தோஷம். அந்த சைட்டுல மூலையை யார் கட்டுறாங்கன்னு நான் கேட்கல.

ஒண்ணு சொல்ல விட்டுப் போச்சு. வேலை முடிஞ்சு காண்ட்ராக்டர் குடுத்த கடைசிக் கணக்குச் சீட்டுல, எக்ஸ்ட்ரா வேலைன்னு கீழ ஒரு வரி: 'மூலை பிடிச்சது, ரன்னிங் அடி.' பக்கத்துல ஒரு தொகை. கண்ணைத் துடைச்சுகிட்டு மறுபடி படிச்சேன்.

"எந்த மூலையைங்க பிடிச்சீங்க?"

"பூச்சு மூலை சார். வெளி மூலை, ஜன்னல் ஓரம் எல்லாம். கை வெச்சுப் பாருங்க, கத்தி மாதிரி இருக்கும். அதுக்குன்னே ஸ்பெஷலா ஆள் கூட்டிட்டு வந்தேன்."

கை வெச்சுப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, ஷார்ப்பாத்தான் இருந்துச்சு. பணத்தை எண்ணிக் குடுத்துட்டு, இதுக்கு ஒரு பில் குடுங்கன்னேன்.

"பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனி சார்."